புனோவில் எவ்வளவு கொடுத்தீர்கள்?

பெரு பயணத்தின் செலவுக் கணக்கு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. நண்பர்கள் நால்வரும் சேர்ந்து எழுதிய கூகுள் ஷீட். அதில் 31-வது வரிசை: 'ஏரி, 2 நாள், படகு + தங்கல் + சாப்பாடு, 85 × 4 = 340 சோல்'. ஏரி என்றால் டிட்டிகாக்கா; சோல், பெருவின் நாணயம். பக்கத்திலேயே எங்கள் பொருளாளன் ஒரு குறிப்பு போட்டிருக்கிறான்: '120 சொன்னான். செம டீல்.' கூடவே கைதட்டும் பொம்மை ஒன்று. அந்தக் கைதட்டல் எனக்கு. பேரம் பேசியவன் நான். மற்ற வரிசைகளை மேய்ந்தால் ஊரும் பஸ்ஸும் சாப்பாடும் ஞாபகத்துக்கு வரும், சிரிப்புகூட வரும். 31-க்கு வந்ததும் விரல் சீக்கிரமாகக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு வருடமாக இப்படித்தான். எழுதிவிட்டால் தீருமா என்று பார்க்கிறேன்.

குஸ்கோவிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, விடிகாலையில் புனோவில் இறங்கினோம். ஜூலை மாதம், அங்கே அது குளிர்காலம். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊர் அதன் கரையிலிருந்து மலைமேல் ஏறுகிறது. எல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தோம். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு ஏறியதும் ஆளுக்கொரு படிக்கட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். மண்டைக்குள் யாரோ செண்டை அடித்தார்கள். கோக்கா இலை மிதக்கும் வெந்நீரை இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் எழுந்து நிற்க முடிந்தது. அந்த நிலைமையிலும் பேரம் பேச மட்டும் எனக்கு மூச்சு இருந்தது. கடைத்தெருவில் வரிசையாக ஏஜென்சிகள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே படம், ஒரே பயணம்: முதல் நாள் உரோஸ் மிதக்கும் தீவுகள், அங்கிருந்து அமந்தானி தீவு, இரவு ஒரு குடும்பத்தோடு தங்கல், மறுநாள் தகீலே தீவு, சாயங்காலம் திரும்பிவிடலாம். ஒருவருக்கு 120 என்றார் கடைக்காரர். நான் 70 என்றேன். அவர் சிரித்தார். நாங்கள் வெளியே வந்து பத்தடி நடந்தோம். பத்தாவது அடியில் கூப்பிடுவார்கள் என்பது உலகப் பொதுவிதி. கூப்பிட்டார். 85-க்கு முடிந்தது. 35 சோல் மிச்சம், அப்போதைய கணக்கில் தலைக்குக் கிட்டத்தட்ட 800 ரூபாய். ராத்திரி அதைக் கொண்டாட ஆளுக்கொரு பியர் குடித்தோம். அது 32-வது வரிசை.

நான் திருப்பூர்க்காரன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அப்பா 12 பவர் டேபிள் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்தவர். பனியன் பீஸுக்கு இவ்வளவு பைசா என்று கம்பெனி பேசும். சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் 'ரேட்'.

நாணல் மேல் ஒரு வாக்குவாதம்

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகு. எங்களையும் சேர்த்து 22 பேர்: ஒரு பிரெஞ்சு ஜோடி, லிமாவிலிருந்து ஒரு குடும்பம், அர்ஜென்டினாப் பெண்கள் மூவர், மீதிப் பேர் எங்களைப் போல முதுகுப்பை ஆசாமிகள். படகுகளில் மெதுவானது, விலை குறைந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. மேல்தளத்தில் குளிர் பல்லைக் கிட்டியது, உள்ளே டீசல் நெடி. துறையை விட்டதும் இரண்டு பக்கமும் தொதோரா நாணல் ஆளுயரத்துக்கு நிற்க, நடுவே வாய்க்கால்போல ஒரு வழி. அரைமணி நேரத்தில் அந்த நாணலே தரையாகி, அதன் மேல் வீடுகள் தெரிந்தன.

உரோஸ் தீவுகளைப் பற்றிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். காலை வைத்தபோது கிடைத்த உணர்வை மட்டும் சொல்கிறேன்: வைக்கோல் போரில் ஏறி நடப்பது போல இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் உள்வாங்கி, மெல்லத் தூக்கிவிடுகிறது. வட்டமாக உட்கார வைத்துத் தீவின் தலைவர் விளக்கினார். அடியில் இருப்பது நாணலின் வேர்ப்பாளங்கள், கீலி என்கிறார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது வேரும் மண்ணும் பின்னிய பாளங்கள் தாமாகவே அடியைவிட்டு மேலே வரும். அவற்றை ரம்பத்தால் துண்டுபோட்டு, யூகலிப்டஸ் கழிகளை அடித்து, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி, மேலே அறுத்த நாணலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினால் தீவு. ஏரியின் அடித்தளத்தில் முளையடித்துக் கட்டிவைக்காவிட்டால் காலையில் பொலிவியாவில் கண்விழிப்போம் என்றார். எல்லாரும் சிரித்தோம். அடியிலிருந்து அழுகிக்கொண்டே போகும் என்பதால் மேலே புது நாணலைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பச் சண்டை முற்றினால் தீவையே ரம்பத்தால் அறுத்துப் பாகம் பிரித்துக்கொள்வார்களாம். நம் ஊர் சர்வேயர்கள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு.

அவர் இதையெல்லாம் சொன்னது உள்ளங்கை அகலத்தில் செய்து வைத்திருந்த ஒரு மாதிரித் தீவை வைத்து. குட்டி வீடு, குட்டிப் படகு, குட்டிப் பொம்மை மனிதர்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டிய கைகளில் ஒரு வழுவழுப்பு இருந்தது. நூறு தடவை, ஆயிரம் தடவை செய்த வழுவழுப்பு. பிறகு பெண்கள் வரிசையாக நின்று அய்மாராவில் ஒரு பாட்டு, ஸ்பானியத்தில் ஒன்று, கடைசியில் ஆங்கிலத்தில் குழந்தைப் பாட்டு ஒன்று. பிறகு தையல் துணிகள் விரிக்கப்பட்டன. பிறகு நாணல் படகில் ஒரு சுற்று, தலைக்கு 10 சோல் தனி. நாணலை உரித்து வெள்ளைத் தண்டைத் தின்னக் கொடுத்தார்கள். வெள்ளரிக்காயின் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு சுவை.

பொருளாளனுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் ஷோ மாப்ள. நம்ம கிளம்புனதும் இவங்க போட்டப் புடிச்சு டவுனுக்குப் போயி டிவி பாப்பாங்க. அந்தப் பாட்டக் கேட்டியா?" என்றான். எனக்கும் பாதி அப்படித்தான் பட்டது. அதே சமயம் எங்கோ இடித்தது. கட்டியிருப்பது உண்மையான தீவு. நாங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாணல் அழுகும், யாராவது போய் அறுத்து வந்து பரப்பத்தான் வேண்டும். முன்பு இந்தத் தீவுகள் இன்னும் உள்ளே, கரைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. 1986-இல் ஏரி வெள்ளம் கண்டு புயலில் சிதைந்த பிறகுதான் பல குடும்பங்கள் புனோவுக்குப் பக்கமாக நகர்ந்தன. பக்கத்தில் வந்ததும் படகுகள் வரத் தொடங்கின. அவர்களுடைய பழைய மொழி அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே மறைந்து, அய்மாரா அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதில் எந்தத் தேதி வரைக்கும் உண்மை, எந்தத் தேதியிலிருந்து ஷோ?

எனக்கு எங்கள் யூனிட் ஞாபகம் வந்தது. பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் முந்தின நாளே ஆரம்பிக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும். அக்காமார்கள் எல்லாருக்கும் மூக்குத்துணி கொடுப்போம். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, வெள்ளைக்காரர் வந்தால் "குட் மார்னிங் சார்" சொல்வதற்கென்றே என்னை நிறுத்திவைத்திருக்கிறார் அப்பா. அவர் போனதும் மூக்குத்துணி கழுத்துக்கு இறங்கிவிடும். ஆனால் தையல் நிஜம். ராத்திரி பதினொன்று வரை ஓடிய ஓவர்லாக் நிஜம். ஷோ என்பது விற்க வேண்டியவன் செய்கிற கூடுதல் வேலை. இதை நண்பனிடம் சொன்னேன். "நீ ஒரு பனியன வச்சு உலகத்தையே தைப்ப" என்றான். அவனிடம் எப்போதும் கடைசி வார்த்தை இருக்கும்.

மமா

உரோஸிலிருந்து அமந்தானிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். படகு ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற வேகம். ஏரி என்று பெயர்தான். எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நடுவில் போனால் கிழக்கே பொலிவியாவின் பனிமலைகள் தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்துகொண்டிருந்தன. நீலத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

புறப்படும்போதே வழிகாட்டி சொல்லியிருந்தார்: குடும்பத்துக்கு ஏதாவது வாங்கிப் போங்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம், அரிசி, சர்க்கரை, எண்ணெய் மாதிரி உபயோகமானதாகப் பாருங்கள். தீவில் அவை விளையாது. துறையில் இருந்த கடையிலேயே வாங்கினோம். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ சர்க்கரை, எண்ணெய் பாட்டில். இரண்டு செட். பை கனமாக இருந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அமந்தானித் துறையில் கம்பளிப் பாவாடையும் கருப்பு முக்காடுமாக ஏழெட்டுப் பெண்கள் காத்து நின்றார்கள். முக்காட்டில் கை வேலைப்பாடு, பூவும் பறவையும். நின்றபடியே சிலர் கதிரில் நூல் திரித்துக்கொண்டிருந்தார்கள். நடக்கும்போதும் அது நிற்கவில்லை. வழிகாட்டி ஒரு தாளைப் பார்த்துப் பெயர் வாசித்து ஆளுக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்துக் கொடுத்தார். இனி இவர்தான் உங்கள் மமா என்றார். தமிழ் காதுக்கு அது மாமா என்றே விழுந்தது. சேலம்காரனான என் அறைத்தோழன் அன்று முழுக்க அந்த அம்மாவை "மாமா, மாமா" என்றே கூப்பிட்டான்; அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு, நாற்பதுக்குள். முன்னால் நடந்தார். தீவில் வண்டி கிடையாது, ரோடு கிடையாது. கல்லடுக்கிய வரப்புகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, எல்லாம் ஏற்றம். எங்கள் பையில் ஒன்றை அவரே வாங்கி முதுகில் கட்டிக்கொண்டார். மூச்சு வாங்கி நாங்கள் நிற்கும் இடமெல்லாம் அவரும் நின்று, திரும்பிப் பாராமல், நூல் திரித்தார்.

மண் செங்கல் வீடு, தகரக் கூரை. எங்களுக்கு மாடியில் ஓர் அறை. வாசல் அவர்கள் உயரத்துக்கு வைத்தது. இரண்டு தடவை நெற்றியில் வாங்கினேன். கட்டிலில் ஐந்து கம்பளிப் போர்வைகள், ஒவ்வொன்றும் ஒரு ஆளின் கனம். மதியச் சாப்பாடு கினோவா சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு மூன்று நிறத்தில், ஓகா என்கிற கிழங்கு, மேலே பொரித்த பாலாடைக்கட்டித் துண்டு. பிறகு முன்யா போட்ட சுடுநீர். ஓமமும் புதினாவும் கல்யாணம் கட்டிக்கொண்ட மாதிரி மணம், வயிற்றுக்கும் மலைத் தலைவலிக்கும் நல்லது என்றார்கள். சாயங்காலம் குழுவோடு பச்சதாதா குன்றில் ஏறினோம். இன்னொரு குன்று பச்சமாமாவுக்கு. பூமித் தகப்பன், பூமித் தாய். உச்சியில் இருக்கும் கல்கட்டுக் கோவிலை வருடத்தில் ஒருமுறை, ஜனவரித் திருவிழாவில்தான் திறப்பார்கள். நாங்கள் சுவரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சூரியன் விழுந்ததும் நடுங்கிக்கொண்டு இறங்கினோம்.

சேலம்காரன் தலைவலியோடு போர்வைகளுக்கு அடியில் போய்விட்டான். நான் குளிர் தாங்காமல் அடுப்படிக்கு வந்தேன். மண் அடுப்பு, யூகலிப்டஸ் விறகு, கரி படிந்த சுவர், கூரையிலிருந்து சோலார் விளக்கு ஒன்று. அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரிச் சொச்சத்திலேயே கொதித்துவிடும், அதனால் கிழங்கு வேக ரொம்ப நேரம் பிடிக்கும். மமா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கையில் அசைக்காமல் வைத்துக்கொண்டு கிழங்கைத்தான் திருப்பினார். தோல் ஒரே நாடாவாக இறங்கியது. பன்னிரண்டு வயது மகள் விளக்குக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மாவுக்குக் கெச்சுவா தாய்மொழி, ஸ்பானியம் இரண்டாவது. எனக்கு ஸ்பானியம் நாலாவது, அதுவும் ஆறு மாத ஆப் படிப்பு. மகள்தான் நடுவில் பாலம். என் ஊர் என்ன, எவ்வளவு தூரம், குழந்தைகள் உண்டா, அங்கே உருளைக்கிழங்கு விளையுமா. விளையும் என்றேன். உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் என்றேன். அதை மகள் சொன்னதும் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் அதே குரலில், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், நேராக ஸ்பானியத்தில் கேட்டார்: "குவாந்தோ பகாரோன் என் புனோ?" புனோவில் எவ்வளவு கொடுத்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு எத்தனை பதில் இருக்கிறது என்று அந்த இரண்டு மூன்று நொடியில் தெரிந்தது. ஞாபகமில்லை எனலாம். நண்பன்தான் கட்டினான் எனலாம். மொழி புரியாத மாதிரி சிரிக்கலாம். அதைச் செய்துகூடப் பார்த்தேன். மகள் மறுபடி, மெதுவாக, பள்ளிக்கூட ஸ்பானியத்தில் கேட்டாள். 85 என்றேன். இரண்டு நாளைக்கு, எல்லாம் சேர்த்து.

மமா மகளிடம் கெச்சுவாவில் ஏதோ கேட்டார். மகள் என்னிடம், படகில் எத்தனை பேர் என்றாள். 22. அவள் வீட்டுப்பாட நோட்டின் ஓரத்திலேயே போட்டாள். மேலே 85, கீழே 22, கோடு. இரண்டு ஐந்து பத்து, ஒன்று மேலே ஏறியது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்த அந்தக் குட்டி ஒன்றை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1870. படித்துச் சொன்னாள். மற்றவர்கள் எங்களைவிட அதிகம் கொடுத்திருப்பார்கள், படகிலேயே குறைந்த விலைக்கு வந்தவர்கள் நாங்கள்தான், அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை.

"உங்களுக்கு?" என்றேன். இந்த ஏஜென்சி ஒரு ஆளுக்கு 25 தரும் என்றார். கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. வேறு சிலர் 40 தருவதுண்டு. பணம் கையில் வர இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம். கேட்டால்? அடுத்த படகு வேறு வீட்டுக்குப் போகும். முன்பெல்லாம் முறை இருந்தது, வருகிறவர்களை ஊரே வரிசைப்படி வீட்டுக்கு வீடு பிரித்துக்கொடுக்கும். இப்போது யார் வீட்டுக்கு என்பதைப் புனோவில் தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அவர் புகாராகச் சொல்லவில்லை. நூல் விலை சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லி முடித்து ஒரு சிரிப்பு, குட்டையாக. மகளிடம் கெச்சுவாவில் ஒரு வரி. மகளும் சிரித்தாள். அது என்ன என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்று நோட்டை மூடினாள்.

கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

ஒரு பீஸுக்கு எப்படி விலை இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். பையர் 10 சென்ட் குறைத்துக் கேட்கிறான். நூல்காரன் குறைக்க மாட்டான், பஞ்சு விலை அவன் கையில் இல்லை. சாயக்காரன் குறைக்க மாட்டான். கன்டெய்னர் வாடகை குறையாது. கம்பெனி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அதற்குப் பைத்தியமா? சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இளகுகிற இடம் ஒன்றுதான்: தையல் கூலி. "கொறச்சு வாங்குனவன் ஏரோப்ளேன் ஏறிப் போயிருவான் கண்ணு, தெச்சுக் குடுக்கறவன்தான் கண்ணு முழிக்கோணும்" என்று அப்பா சொல்லுவார். புனோ கடைத்தெருவில் பத்தடி நடந்து நான் எடுத்த 35 சோலும் அதே ரோட்டில்தான் வந்திருக்கும். டீசல் குறையாது. வழிகாட்டியின் நாள் சம்பளம் குறையாது. உரோஸ் நுழைவுக் கட்டணம் குறையாது. எங்கள் நால்வருக்காகத் தனியாக 40-ஐ 25 ஆக்கியிருக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் எங்களை மாதிரி வருகிறவர்களை நம்பித்தான் அந்த 25 நிற்கிறது.

அன்று ராத்திரி ஊர்க் கூடத்தில் ஆட்டம். அதுவும் பயணத் திட்டத்தில் உண்டு. மமா எனக்கு ஒரு போன்சோவை மாட்டிவிட்டு, தலையில் காதுமூடித் தொப்பியை வைத்து, சிறுபிள்ளைக்குச் செய்வதுபோல இழுத்துச் சரிசெய்தார். மூங்கில் குழல்கள், ஒரு கிடார், ஒரு பறை. அர்ஜென்டினாப் பெண்கள் கம்பளிப் பாவாடையில் மின்னினார்கள். காலையிலிருந்து நடந்து, சமைத்து, கழுவிய அந்தப் பெண்கள் எங்கள் கையைப் பிடித்து வட்டமாக ஓடினார்கள். 3,800 மீட்டரில் இரண்டு பாட்டு ஆடினால் உயிர் போகிறது. மூன்றாவது பாட்டுக்கு நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பொருளாளன் வியர்க்க விறுவிறுக்க வந்து, "சூப்பர்ல?" என்றான். காலையில் ஷோ என்றவன். எனக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் கிளம்பும்போது 50 சோல் தாளை மமாவிடம் நீட்டினேன். படியில் இறங்கும்போதே இதைப் பற்றி எங்களுக்குள் தகராறு; ஒருத்தர் கொடுத்தால் எல்லாரும் கொடுக்க வேண்டியிருக்கும், அடுத்து வருகிறவர்களிடமும் எதிர்பார்ப்பார்கள் என்றார்கள். மமா தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே போனார். ஒரு தொப்பியும் 20 சோலும் கொண்டுவந்து கொடுத்தார். தொப்பி 30. நான் தருமம் செய்ய வந்திருந்தேன், அவர் வியாபாரம் செய்து அனுப்பினார். அக்ரிலிக் நூல், பின்னல் கொஞ்சம் தளர்ச்சி, ஓரத்தில் ஒரு லூப் விட்டுப்போயிருந்தது. புனோ சந்தையில் என்றால் 15-க்கு வாங்கியிருப்பேன்.

தகீலேயில் பேரம் இல்லை

தகீலே ஒரு மணி நேரப் பயணம். மறுபடியும் ஏற்றம். நல்லவேளையாக எங்களை ஏற்றமான பக்கத்தில் இறக்கவில்லை. அந்த ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை நாங்கள் இறங்கத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தீவில் பின்னுவது ஆண்கள். சிறு பையனிலிருந்து கிழவர் வரை நடந்துகொண்டே, பேசிக்கொண்டே பின்னுகிறார்கள். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து விறைப்பு வைத்துக்கொள்கிறார்கள். ஊசிகள் கம்பி மாதிரி மெல்லியவை. கல்யாணமானவனுக்கு முழுச் சிவப்புத் தொப்பி, ஆகாதவனுக்கு மேல்பாதி வெள்ளை. பெண்கள் நெய்யும் அகலமான இடுப்புப் பட்டையில் பன்னிரண்டு மாத விவசாய வேலைகளும் உருவங்களாக இருக்கும். இந்தத் துணிக்கலையை 2005-இல் யுனெஸ்கோ அறிவித்துப் பெருமைப்படுத்தியது. எனக்கு அறிவிப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சதுக்கத்தில் ஒருவரின் தொப்பியை வாங்கி, உள்பக்கம் திருப்பி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை லூப் என்று எண்ண ஆரம்பித்து 18-ல் கண் சிக்கிக்கொண்டது. எங்கும் தையல் இல்லை, வட்டமாகவே ஏறிய பின்னல். எங்கள் ஊர் வட்டப் பின்னல் மிஷின் செய்வதை இவர் ஐந்து ஊசியில் செய்துகொண்டு என்னிடம் பேசவும் செய்தார்.

சதுக்கத்தில் ஊர்ப் பொதுக்கடை ஒன்று. ஒவ்வொரு துண்டிலும் செய்தவரின் அடையாளச் சீட்டு, விலை. பொருளாளன் ஒரு பட்டையை எடுத்து வழக்கம்போல ஆரம்பித்தான். கடையில் அன்றைய முறைக்கு உட்கார்ந்திருந்தவர் பின்னலை நிறுத்தவேயில்லை. "விலை என்னுடையது இல்லை, ஊருடையது" என்றார். இவன் பத்தடி நடந்தான். பத்தாவது அடியில் யாரும் கூப்பிடவில்லை. இருபதாவது அடியில் அவனே திரும்பி வந்து முழு விலைக்கு வாங்கினான். அது 36-வது வரிசை, பொம்மை எதுவும் இல்லை.

மதியம் ஏரி ட்ரவுட் மீன் சாப்பிட்டபோது வழிகாட்டி இந்தத் தீவின் கதையைச் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு நானும் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் இந்த நிலம் பண்ணையார்களுடையது. 1930களிலிருந்து தீவுக்காரர்கள் காசு சேர்த்து, துண்டு துண்டாக விலைக்கு வாங்கி மீட்டிருக்கிறார்கள். 1970களில் வெளிநாட்டுப் பயணிகள் தலைகாட்டத் தொடங்கியதும், குடும்பங்கள் பங்கு போட்டுத் தாங்களே படகு கட்டினார்கள், பழைய கார் எஞ்சின்களைப் பொருத்தி. துறையில் இறங்கியவர்களை ஊரே வரவேற்று, வரிசைப்படி வீடுகளுக்கு அனுப்பியது. கொஞ்ச காலம் தகீலேக்கு வர வேண்டுமென்றால் தகீலேக்காரர்களின் படகில்தான் வர வேண்டும். படகுக் கட்டணமும் அவர்கள் வைத்ததுதான். 1990களில் அப்போதைய அதிபர் ஃபுஜிமோரியின் அரசாங்கம் ஏகபோகத்தை ஒழிக்கிறோம் என்று சட்டம் கொண்டுவந்தது. படகுகள் மேல் ஊருக்கு இருந்த தனி உரிமை போனது. புனோவின் ஏஜென்சிப் படகுகள், எங்களுடையது மாதிரி, நேராக வர ஆரம்பித்தன. பயணிகள் பெருகினார்கள், மதியம் இரண்டு மணி நேரம் நின்று, ஒரு மீன் சாப்பிட்டு, இறங்கிப் போனார்கள். துணிக்கடை மட்டும் ஊர் கையில் நின்றது, ஏனென்றால் அங்கே விற்பதைப் புனோவில் யாரும் செய்ய முடியாது.

ஷோவா நிஜமா என்று நாணல் மேல் உட்கார்ந்து நாங்கள் போட்ட சண்டை அங்கேதான் எனக்குச் சப்பென்று போனது. படகு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஜாப் ஒர்க் வீட்டுப் பிள்ளை.

புனோ துறையிலேயே தீவுக்காரர்களின் கூட்டுப் படகுகள் தினமும் காலையில் கிளம்புகின்றன. நாங்கள் அரிசியும் சர்க்கரையும் வாங்கிய கடை அதே துறையில்தான். சீட்டு வாங்கி ஏறி, இறங்கிய இடத்தில் தங்குகிற வீட்டுக்காரரிடமே பேசிக் காசைக் கையில் கொடுத்துவிடலாம். ஆங்கில விளக்கம் கிடையாது, ஆட்டம்பாட்டத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று சொல்ல ஆசை. அதற்கு முந்தின வாரம் குஸ்கோ விடுதியில் ஒருவர் சொல்லியிருந்தார். தொந்தரவு என்று நினைத்து விட்டுவிட்டோம்.

அந்தத் தொப்பி 30 சோலைப் பொருளாளன் பொதுக்கணக்கில் ஏற்றவில்லை. 'சொந்தச் செலவு' என்று எனக்கு எதிரில் போட்டான். சரியான கணக்குதான்.

போன வாரம் அவனுடைய தம்பி கல்லூரிக் கூட்டாளிகளோடு பெரு போகிறானாம், ஷீட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டான். அனுப்புவதற்கு முன் 31-ல் இருந்த கைதட்டும் பொம்மையை எடுத்துவிட்டு, கீழே புதிதாக ஒரு வரிசை செருகினேன்: 'துறையில் தீவுக்காரர் படகு. தங்கல் காசு வீட்டில், கையில். குறைத்துக் கேட்காதே.' பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அண்ணா, அது சாப்பாடும் சேத்தா?"

"மூணு வேளையும்" என்று அனுப்பினேன்.